செலவு போக மீதி

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். தீபாவளிக் கூட்டத்திலும் என் வாயைத் தாண்டி யாரும் ஒரு ரூபாய் தள்ளுபடி வாங்கிவிட முடியாது. கோபக்காரி என்று கடையில் பெயர். அந்தப் பெயர் இங்கே வந்து சம்பாதித்ததில்லை. சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஃபேக்டரியில் எடைமேடையில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே எனக்கு அது வந்துவிட்டது. மரவள்ளிக் கிழங்கு லாரி மேடையில் ஏறி நிற்கும். டிரைவர் சீட்டை விட்டு இறங்காமலேயே, "எடை வுழுந்துச்சா மேடம்" என்பான். நீயும் சேர்ந்து விழுந்திருக்கிறாய், முதலில் இறங்கு என்று கத்துவேன். கத்திக் கத்தியே பல வருஷம் ஓடியது.

அந்த ஃபேக்டரி திவாலாகிவிட்டது. சினிமாவில் வருகிற மாதிரி முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவெல்லாம் இல்லை. பேங்க்காரர்கள் வந்தார்கள், போனார்கள். சென்னையில் தீர்ப்பாயத்தில் கேஸ் நடக்கிறது என்றார்கள். பிறகு கேட்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். கம்பெனியைக் கலைத்து, இருக்கிற இடத்தையும் மெஷினையும் விற்று, வருகிற பணத்தைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க லிக்விடேட்டர் என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்களாம். யாருக்கெல்லாம் பாக்கி வரவேண்டுமோ அவர்கள் ஃபாரம் பூர்த்தி செய்து அனுப்பலாமாம். எனக்கும் கடைசிச் சில மாதச் சம்பளம் நின்றுபோயிருந்தது. அனுப்பினேன். வந்தால் வருகிறது, போனால் சனியன் தொலைகிறது என்று இருந்துவிட்டேன்.

ஆனால் மலையில் ஒருவருக்கு அப்படி இருக்க முடியவில்லை. அவருடைய கொல்லை, மலையில் உழுகிற நிலத்துக்கு அப்படித்தான் பேர், அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஊர் வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் போகவேண்டிய ஊர். அங்கிருந்து எங்களுக்குக் கிழங்கு லாரி வரும். கீழே இருக்கிற விவசாயி என்றால் ஆளுக்கொரு லோடு, ஆளுக்கொரு சீட்டு. மலையில் ஒரு வீட்டுக் கிழங்கு லாரியில் ஒரு மூலைக்கும் காணாது. அதனால் பத்துப் பதினைந்து வீட்டுக் கிழங்கை ஒன்றாக ஏற்றி, ஒருவர் பேரில் போடுவார்கள். லாரிக்குப் பேர் கொடுப்பது என்று அதற்குச் சொல்வார்கள். ஃபேக்டரியும் ஒரு லாரிக்கு ஒரு பேர்தான் எழுதும். செக் அந்தப் பேருக்கு வரும். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், கோயில் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து, மூட்டைக் கணக்குப்படி பிரித்துக் கொடுப்பார். அந்த ஊர் லாரிக்குப் பேர் கொடுத்தவர் இவர்தான். அதற்கு ஒரு பைசா கூலி வாங்கமாட்டார். பஸ் சார்ஜ் கூடத் தன் கையிலிருந்துதான். எடைமேடைக்கு வந்தால் டிரைவர் மாதிரி சத்தம் போடாமல் ஜன்னலோரம் நின்று, "தங்கச்சி, நம்ம வண்டி" என்று மட்டும் சொல்வார். என்னிடம் திட்டு வாங்காத ஒரே ஆள்.

ஃபேக்டரி மூடும்போது ஒரு பருவத்துக் கிழங்கு முழுவதும், இருபது லாரிக்கு மேல், உள்ளே போயிருந்தது. காசு வெளியே வரவில்லை. ஊரில் கூடிப் பேசினார்கள். அவர்களுக்கு ஃபேக்டரியைத் தெரியாது, முதலாளியைத் தெரியாது, பேங்க்கைத் தெரியாது. தெரிந்தது இவரை. எங்கள் கிழங்கை உன் பேரில்தானே போட்டோம் என்றார்கள். ஆடித் திருவிழாவுக்குள் பணம் வந்துவிட்டால் சரி, வராவிட்டால் அவர் கொல்லையை மற்றவர்கள் முறைபோட்டு உழுது, பாக்கி தீரும் மட்டும் விளைச்சலை எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். சரிவில் இருக்கிற அந்த ஒரு கொல்லையை விட்டால் அவருக்கு வேறு நிலம் கிடையாது. ஏண்ணே ஒத்துக்கொண்டீர்கள் என்று ஃபாரம் எழுதும்போது கத்தினேன். "பேரு என்னுதுதானே தங்கச்சி" என்றார்.

அவருடைய ஃபாரத்தை எழுதிக் கொடுத்தவள் நான். பி.காம் தபாலில் படித்த இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு ரொம்ப நாள் சத்தமே இல்லை. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டம் குறைந்த சமயம், அவர் கடைக்குள் வந்தார். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. வெள்ளைச் சட்டை. இத்தனை வருஷத்தில் அவரை அப்படிச் சிரித்த முகமாக நான் பார்த்ததில்லை.

"இந்தாங்க தங்கச்சி, ஜாங்கிரி. வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க."

"இன்னாண்ணே விசேஷம்?"

"தீர்ப்பு ஆயிடுச்சு. பணம் சாங்ஷன்."

நான் எழுந்தே விட்டேன். எனக்கும் சம்பளம் வரவேண்டியிருக்கிறதே, பொய் சொல்வானேன், முதலில் அதைத்தான் நினைத்தேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட தீர்ப்பாய உத்தரவு. அது சுற்றிச் சுற்றி மலைக்கும் போயிருக்கிறது. நானும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன். குட்மார்னிங் பூப்படங்களுக்கு நடுவில் வந்ததால் திறந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ ஒரு தொகையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். முப்பத்தோரு லட்சத்துச் சொச்சம்.

"மேல நம்ம கம்பெனி பேரு கீது பாருங்க. சாக்குல இருக்கற அதே எழுத்து. பின்னாடி தள்ளுங்க. அங்க என் பேரு கீது. ஆதார் கார்டுல இருக்கற மாரியே. எங்க பாக்கியவிடக் கொஞ்சம் ஜாஸ்தியா வந்துகீது தங்கச்சி. வட்டி போட்டுக் குடுத்திருக்காங்க."

ஊரில் பங்கு போட்டே முடித்துவிட்டார்களாம். மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் அழகாகச் சரியாக வந்ததாம். கணக்குச் சரியாக வந்ததால்தான் சந்தேகமே வரவில்லை. ஒருவர் பவர் டில்லருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஒருவர் வீட்டுக்குக் கூரை மாற்றக் கம்பி சொல்லிவிட்டார். இவருடைய பெரியப்பா மகன், ஊரில் பெரியவர், எல்லோர் முன்னாலும், "உன் கொல்ல உனக்குத்தான்டா" என்று தோளில் தட்டினாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் ஜாங்கிரிப் பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஜாங்கிரியை மெல்வதை நிறுத்திவிட்டேன்.

அந்தத் தொகை கிழங்குக்கு இல்லை. அது கட்டணம். கம்பெனியைக் கலைக்க வந்தவர்களுக்குத் தீர்ப்பாயம் அனுமதித்த கட்டணம். லிக்விடேட்டருக்கு இவ்வளவு, அவருடைய வக்கீலுக்கு இவ்வளவு, கட்டடத்துக்கும் மெஷினுக்கும் விலை மதித்தவர்களுக்கு இவ்வளவு, ஆடிட்டருக்கு இவ்வளவு, கேட்டில் காவலுக்கு ஆள் போட்டவர்களுக்கு இவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டி அடியில் எழுதியதற்குத்தான் யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். இதை மற்ற எல்லாருக்கும் முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி. திரும்பவும் படித்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்தான். தப்பாகப் படித்திருக்க வழியில்லை.

பின்னால் தள்ளினேன். அவர் பெயர் இருந்தது. பெயருக்கு நேராகக் கேட்ட தொகை. அதை அடுத்து ஒப்புக்கொண்ட தொகை, அதுவும் முழுசாக இருந்தது. ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அதற்கும் அடுத்த கட்டத்தில், கொடுக்கப்போகிற தொகை என்று மேலே எழுதியிருந்த கட்டத்தில், ஒரு சின்னக் கோடு.

"அந்தக் கோடு இன்னா தங்கச்சி?" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இருங்கண்ணே, கேட்டே சொல்லிடறேன் என்றேன்.

உத்தரவில் லிக்விடேட்டர் ஆபீஸ் நம்பர் இருந்தது. அங்கேயே போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன், அவரும் கேட்கட்டும் என்று. ஒரு பெண் எடுத்தாள். குரலை வைத்துப் பார்த்தால் என் மகள் வயதுதான் இருக்கும். அவ்வளவு மரியாதை. நான் உத்தரவைப் பற்றிச் சொன்னதும், "ஆமா மேம், அது பப்ளிக் ரெக்கார்டுதான் மேம், யார் வேணா பாக்கலாம்" என்றாள். ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி, யார் வேண்டுமானாலும் என்று.

"கிழங்கு போட்டவங்களுக்கு எப்பம்மா குடுப்பீங்க?"

"மேம், விக்கற பணத்துல முதல்ல ப்ராசஸ் செலவு போகும். அப்புறம் பேங்க், ஒர்க்கர்ஸ். அப்புறம் கவர்மென்ட். சப்ளையர்ஸ் அதுக்கப்புறம்தான் மேம். இந்தக் கேஸ்ல அதுவரைக்கும் வரல."

"அதுவரைக்கும் வரலன்னா?"

"பணம் முடிஞ்சிடுச்சு மேம்."

நான் கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. புடவை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். முப்பத்தோரு லட்சத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, விளைவித்தவனுக்குக் கோடு போடுவீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை தடிக்கவில்லை. "எல்லாம் சட்டப்படி அப்ரூவ் ஆனதுதான் மேம். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், புரியுது. வேற ஏதாவது தெரிஞ்சிக்கணுமா மேம்?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனை வைத்தேன்.

அவர் கௌண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இம்மாம் பணத்துக்கு அவங்க இன்னா வேல செஞ்சாங்க?"

"எடத்த வித்தாங்க, மெஷின வித்தாங்க. யார் யாருக்கு எவ்ளோன்னு கணக்குப் போட்டாங்கண்ணே."

"எனக்கு எவ்ளோன்னு போட்டாங்க?"

"ஒண்ணும் இல்லன்னு போட்டாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணும் இல்லன்னு போடறதுக்கா இவ்ளோ?" என்றார். அதில் கோபம் ஒரு துளி இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

போகும்போது, "நான் போயி சொன்னா நம்பமாட்டாங்க தங்கச்சி. படிச்சவங்க நீங்க ஒரு தபா மேல வந்து சொல்லிட்டுப் போங்க" என்றார். வருகிறேன் என்றேன். ஜாங்கிரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு எதிலும் ஒரு நக்கல் வேண்டும். "அந்த லிக்விடேட்டர் படிப்ப எங்க சொல்லிக் குடுக்கறாங்கன்னு கேளு, நம்ம பொண்ணச் சேத்துடலாம்" என்றார். நான் பார்த்த பார்வையில் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார்.

அந்த உத்தரவை நான் மறுபடி வரிவரியாகப் பார்த்தேன். என் பெயரை ஒர்க்கர்ஸில் சேர்க்காமல் ஸ்டாஃப் என்று தனியாகப் போட்டிருந்தார்கள், அதற்கு நேரிலும் கோடுதான். நான் பில் போடுகிறவள். எங்கேயாவது ஒரு தப்பு இருக்கும், ஒரு கூட்டல் பிசகியிருக்கும், ஒரே செலவை இரண்டு தடவை எழுதியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு உண்டு இல்லை என்று பண்ணிவிடலாம் என்று தேடினேன். கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வரியைச் சேர்த்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. விலை மதிக்க வந்தவர்கள் காரில் வந்த செலவு, தங்கிய செலவு, எல்லாம் தனித்தனி வரியில் சுத்தமாக இருந்தது. அவர்கள் வந்த அன்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாவி என்னிடம்தான் இருந்தது. வெயிலில் கூடவே நடந்து, ஒவ்வொரு ஷெட்டாகத் திறந்து காட்டினேன். எதிர்க் கடையில் டீ சொன்னேன். நல்ல மனுஷர்கள்தான், சர்க்கரை கம்மியாகக் கேட்டார்கள். அந்த டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன், சம்பளம் நின்றுபோன நான். அது எந்த வரியிலும் இல்லை. யாரோ திருடியிருந்தால் திருடன் என்று சொல்லலாம். இதில் ஒருவரும் திருடவில்லை. ஒரு பைசா தப்பில்லாமல் அவர் கொல்லை போகப்போகிறது. இப்படி ஒன்று உலகத்தில் நடக்கும், அதையும் எல்லோரும் பார்க்கட்டும் என்று போட்டு வைப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

லீவு போட்டேன். முதலாளி முனகினார். முனகட்டும்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வெள்ளிமலைக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் ஜீப்போடு வந்து நின்றார். வழியில் ஒரு திருப்பத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, கீழே கையைக் காட்டினார். "அதான் நம்ம கொல்ல." சிவந்த மண், சரிவில் கல் வரப்பு கட்டியிருந்தது. மழைக்கு உழுது சாமை விதைத்து, முளை தெரிய ஆரம்பித்திருந்தது. வேறொன்றும் சொல்லவில்லை. ஜீப் கிளம்பியது.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. அந்தப் பெரியப்பா மகன் நடுவில் உட்கார்ந்திருந்தார். வயதானவர், நிதானமான மனுஷர், எனக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என்னை அழைத்து வந்தவரின் சம்சாரம் கொஞ்சம் தள்ளி நின்றார். நான் உத்தரவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது அவர்கள் கட்டணம். இது உங்கள் பாக்கி. இந்தக் கோட்டுக்கு அர்த்தம் இது. சட்டத்தில் வரிசை இப்படி. செலவு முதலில், நீங்கள் கடைசியில்.

சொல்லி முடித்தேன். அழுவார்கள், அந்த ஆபீசர்களைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"ஏம்மா, நீ கோச்சிக்கக்கூடாது. கம்பெனி நாங்க கிழங்கு போட்ட கம்பெனி. எங்க ஆளு பேரு அதுல கீது. எங்களுக்கு எவ்ளோ வரணுமோ கிட்டத்தட்ட அவ்ளோ பணம் சாங்ஷன் ஆயிகீது. ஆனா அது எங்களுது இல்லன்னு சொல்ற. யாரோ கணக்குப் பாத்தவங்களுக்குன்னு சொல்ற. நம்பற மாரியா கீது?"

"அதாங்க உண்மை."

"கணக்குப் பாக்கறதுக்கா இம்மாம் பணம்? இவன் இத்தினி வருஷமா எங்க கணக்கப் பாத்தான். ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. கணக்குப் பாக்கறதுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?"

அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. என் கையில் இருந்த காகிதம்தான் நம்ப முடியாததாக இருந்தது. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். வேலை செய்தவனுக்குக் கடைசியில், அதுவும் இல்லை என்று சொன்னால், எவன் நம்புவான்? இடையில் யாரோ அமுக்கிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்.

அதுதான் தோன்றியது. பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "பணம் இவரு பேருக்கு வந்துட்சி. அத மறைக்க டவுன்லருந்து ஆள் கூட்டிக்கினு வந்துகீறாரு. ஏம்மே, உனக்கு அதுல எவ்ளோ?"

அடித்த மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. காகிதத்தை உதறிக்கொண்டு எழுந்து கத்தினேன். என் சம்பளமும் போயிருக்கிறது, லீவு போட்டு வந்திருக்கிறேன், இந்த மனுஷன் உங்கள் காசில் ஒரு பைசா தொட்டிருந்தால் என் நாக்கு அழுகிப் போகட்டும் என்றேன். எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு அவர்கள் முகம் இறுகியது. அவர்கள் எல்லார் போனிலும் அந்தச் சிவப்பு வட்டம் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாளே, பார்த்துவிட்டார்கள்.

அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். "வுடுங்க தங்கச்சி" என்றார். பிறகு ஊரைப் பார்த்து, "பேசின பேச்சு பேசினதுதான். கொல்லைய எடுத்துக்கோங்க" என்றார்.

"விதச்சிட்டியேடா" என்றார் பெரியவர். அவருக்கே கஷ்டமாக இருந்தது.

"வெளஞ்சதும் நீங்களே அறுத்துக்கோங்க."

அவ்வளவுதான். யார் முதல் வருஷம், யார் அடுத்தது என்று அங்கேயே பேச ஆரம்பித்தார்கள். பவர் டில்லருக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் முதலில் கேட்டார். கொல்லைக்காரரின் சம்சாரம் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். நான் அங்கே நிற்கப் பிடிக்காமல் ஜீப்பைப் பார்த்துப் போனேன்.

பெரியவர் கூப்பிட்டார். "நில்லும்மா. எல்லாரும் இருங்கப்பா, அது அப்புறம் பேசலாம். ஊர் காரியமா கீழருந்து வந்திருக்காங்க. வெறுங்கையோட அனுப்பக்கூடாது. மொதல்ல அவங்க செலவக் குடுத்துடணும்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் ஆமாம் என்றாள். அந்த ஊரில் அது வழக்கமாம். பஞ்சாயத்துக்கு என்று ஒருவரை வரவழைத்தால், தீர்ப்பு எப்படிப் போனாலும் வந்தவருக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்களாம். யார் வரவழைத்தாரோ அவர் வீட்டிலிருந்து கொடுக்க வேண்டுமாம். ஜீப் வாடகையும் அவருடையதாம்.

வேண்டாங்க, எனக்கு ஒன்றும் வேண்டாங்க என்று இரண்டு கையையும் ஆட்டினேன். பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"வேணான்னா எப்படிம்மா? கம்மியா குடுப்பாங்கன்னு நெனக்கிறியா?"

அதற்குள் கொல்லைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் ஏறி உட்கார்ந்தேன், சீக்கிரம் எடு என்றேன். அவன் எடுக்கவில்லை. அவர் தோளில் ஒரு மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். பின்னால் சம்சாரம், கையில் கோணி ஊசியும் சணலும். போன அறுப்பில் வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்துவைத்த சாமை. மூட்டையை என் காலடியில் இறக்கி, வாய் அவிழாமல் இருக்கச் சம்சாரம் இரண்டு தையல் போட்டு முடிக்கிற வரை பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணே, தயவு செய்து இறக்கிவிடுங்கள் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாங்காமல் போனால் இன்னும் ஜாஸ்தி கேட்கிறேன் என்று ஆகும், அதையும் அவர்தான் கொடுக்க வேண்டிவரும்.

அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கமாகக் குனிந்தார்.

"பத்துமா தங்கச்சி?" என்றார்.

பத்தும்ணே என்றேன்.